ஈரம் படாத துண்டு

இல்ல அண்ணாச்சி, நீங்களே ஜன்னல் ஓரமா உக்காருங்க. எனக்கு வேண்டாம். காத்து வரும்னு எல்லாரும் அந்த சீட்டுக்குத்தான் அடிச்சுக்கிடுவாங்க, எனக்கு வேண்டாம். காரணம் இருக்கு, பிறவு சொல்லுதேன். இந்தப் பைய மட்டும் செத்த பிடிங்க. வேண்டாம், குடுங்க, நானே மடியில வச்சுக்கிடுதேன். உள்ள கண்ணாடி இருக்கு. கண்ணாடின்னா போட்டோ. போப்பாண்டவர் போட்டோ.

திருச்செந்தூர்ல முருகனப் பாத்துட்டு வாரீங்க போல. நெத்தியப் பாத்தாலே தெரியுதே. நல்ல கூட்டமா? இருக்கட்டும், இருக்கட்டும். நீங்க வேற சாமி, நாங்க வேற சாமி, அதுல என்ன இருக்கு. எங்க கோயில் திருவிழாவுக்கு ஆத்தூர் வெத்தலக்காரரு ஒருத்தர் வருசா வருசம் மாலை கொண்டாருவாரு. அவரும் உங்களாட்டம் விபூதிக்காரருதான். வந்தா எங்க வீட்லதான் சாப்பாடு. எனக்கு எந்த மனுசன் மேலயும் விரோதம் கெடையாது. அத மொதல்லயே சொல்லிருதேன்.

எம் பேரு கஸ்மீரு. திருச்செந்தூருக்குத் தெக்க சம்மனசூருன்னு ஒரு கடக்கர ஊரு. மைக் செட்டு வச்சிருக்கேன். கஸ்மீருன்னா யாருன்னு கேப்பீங்க. ஒரு ராசா மகன், எங்க மதத்துல புனிதரு. வாலிபப் பிள்ளைகளுக்கெல்லாம் பாதுகாவலரு. எனக்குப் பேரு வச்ச அன்னைக்கே மாதா முடிவு பண்ணிட்டா பாத்துக்கிடுங்க. எங்க பங்கு, எங்க கோயிலச் சேந்த ஊருன்னு வச்சுக்கிடுங்க, அதோட இளைஞர் இயக்கத்துக்கு நாந்தான் தலைவரு. காலேஜ் முடிச்ச வருசத்துல இருந்து நாந்தான். நடுவுல ஒருத்தன் எலெக்சன் வைக்கணும்னான். அவனுக்கும் எனக்கும் இப்ப பேச்சுவார்த்தை இல்ல. ஆனா விரோதம் இல்ல. பேசாம இருக்கது வேற, விரோதம் வேற.

இந்தா, இப்ப நான் தூத்துக்குடிக்கு எதுக்குப் போறேன்? பிஷப் ஹவுசுக்கு. எங்க பங்குச் சாமியார் மேல பிராது குடுக்க. அவரு பேரு ஃபாதர் டார்வின். பேரப் பாத்தீங்களா? மனுசன் குரங்குல இருந்து வந்தான்னு சொன்னவன் பேரு. அத வச்சிக்கிட்டு பூசை வைக்காரு. நான் வாய்விட்டு ஒண்ணும் சொல்லல, ஆனா அவரு வந்து எறங்குன அன்னைக்கே எனக்கு மனசுல பட்டுச்சு.

விசயத்துக்கு வாரேன். எங்க மதத்துல ஒரு பெரிய கூட்டம் நடக்கும். உலகத்துல உள்ள வாலிபப் பிள்ளைக எல்லாம் ஒரு நாட்டுல கூடி, யாத்திரை மாதிரி நடந்து போயி, போப்பாண்டவரு கூட பூசை காணுதது. சில வருசத்துக்கு ஒரு தடவதான் வரும். இந்தத் தடவ நடக்கப் போற ஊரு பேரு என் வாயில நுழைய மாட்டேங்கு, அத விடுங்க. அதுக்கு வயசுக் கணக்கு உண்டு. முப்பத்தஞ்சு தாண்டிட்டா வாலிபன் இல்லியாம். எனக்கு முப்பத்தி நாலு. அடுத்த தடவ வரும்போது நான் கெழவன். இத விட்டா போப்பாண்டவர சாகுத வரைக்கும் போட்டோவுலதான் பாக்கணும். எங்க பங்குல இருந்து ஒரு ஆளு போகலாம்னு வந்துச்சு. ஒரே ஒரு ஆளு. அது யாரு? நீங்களே சொல்லுங்க. வேற யாரா இருக்க முடியும்?

சும்மா ஒண்ணும் ஆசப்படல. ஆயத்தம் பண்ணேன் அண்ணாச்சி. ஆத்தும ஆயத்தம். தவக்காலம்னு எங்களுக்கு உண்டு, ஈஸ்டருக்கு முன்னால. அது ஆரம்பிச்ச நாள்ல இருந்து நான் மீனு தொடல. கடக்கரையில பிறந்தவன் மீன் இல்லாம சோறு திங்குதது எப்படின்னு உங்களுக்குச் சொன்னா வெளங்காது. எதுத்த வீட்ல சாளை பொரிக்கா, வாசம் மூக்கத் தொளைக்கி, நான் இங்கன பருப்புத் தொவையல வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். காலையில ஒரு ஜெபமால, ராத்திரி ஒரு ஜெபமால, ரெண்டும் முட்டங்கால்ல. முட்டி காச்சுப் போயிட்டு. அதப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல கூட போட்டேன். பெருமைக்கு இல்ல. நாலு பேரு பாத்துத் திருந்தட்டுமேன்னு.

போப்பாண்டவரு போட்டோ எங்க கடையில ஆம்ப்ளிஃபயருக்கு மேலதான் இருந்துச்சு. காலையில கதவத் தொறந்தா மொதப் பேச்சு அவருகிட்டதான். மைக் டெஸ்ட் பண்ணுதது கூட அவரப் பாத்துத்தான். மத்தவங்க பாத்தா ஏதோ சிரிச்ச மொகம்னு நெனப்பாங்க. எங்கிட்ட சிரிக்கது வேற மாதிரி. நேத்து நான் யாருகிட்ட என்ன பேசுனேன்னு தெரிஞ்சவரு சிரிக்க மாதிரி இருக்கும். போன்ல அவரு பேருல தினமும் ரெண்டு வரி வரும். எனக்குன்னே எழுதுனாப்புல இருக்கும். ஒருநா, பகையை விடுங்க, சமாதானத்துக்கு முதல்ல நீங்க கை நீட்டுங்கங்குத மாதிரி வந்துச்சு. எனக்கு அப்படியே கண்ணுல தண்ணி வந்துட்டு. ஒடனே எலெக்சன் கேட்டவனுக்கு அனுப்புனேன். கோயில்ல மணி அடிக்குத கோயில்பிள்ளைக்கு அனுப்புனேன். எங்க தெருவுல யாருக்கெல்லாம் அது தேவையோ அம்புட்டு பேருக்கும் அனுப்புனேன்.

இது காயல்பட்டணமா? ஆமா. இன்னும் நேரம் இருக்கு.

ஃபாதர் ஒருநா கூப்பிட்டு விட்டாரு. போனேன். "கஸ்மீரு, இந்தப் பங்குல நீதான் மூப்பு, நீதான் போகணும்னு எனக்கும் ஆச"ன்னாரு. நான் குனிஞ்சு ஆசீர்வாதம் வாங்கப் போயிட்டேன். "ஆனா ஒண்ணு"ன்னாரு. அந்த ஆனால இருக்கு பாருங்க சனியன்.

பெரிய வியாழன்னு எங்களுக்கு ஒரு நாளு. அன்னைக்கு ஏசுநாதரு தன் சீடமாரு காலக் கழுவுனாரு. அதுக்காக சாமியாரு கோயில்ல பன்னெண்டு பேரு காலக் கழுவுவாரு. உலகம் பூரா உள்ள வழக்கம். இவரு என்ன சொல்லுதாரு, "இந்த வருசம் ஒரு நாற்காலி கூடுதலாப் போடுதேன். யாத்திரை போறவன் யாரு கூட பேச்சு இல்லியோ அவங்கள கூட்டியாந்து அதுல உக்கார வச்சு, அவன் கையால காலக் கழுவணும். அதுதான் ஆயத்தம். மீனு திங்காம இருக்கது பூனைக்குத்தான் கஷ்டம்"ங்காரு. எப்படிப் பேச்சு பாருங்க.

நான் சொன்னேன், "சாமி, எனக்கு விரோதின்னு ஒருத்தரும் கெடையாது."

"யாருன்னு ஒனக்கே தெரியும் கஸ்மீரு"ன்னாரு.

"தெரியாது சாமி."

"தெரியும்"னாரு. அம்புட்டுதான். எந்திரிச்சுப் போயிட்டாரு.

நான் விடல. பின்னாலேயே போனேன். "சாமி, போப்பாண்டவருங்க ஜெயிலுக்குப் போயி கைதி காலெல்லாம் கழுவி முத்தம் குடுத்திருக்காங்க. நானும் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு வாரேன். கொலகாரன்னாலும் சரி, கழுவுதேன். எத்தன பேரு வேணும்?" அப்படின்னேன். மனசாரச் சொன்னேன் அண்ணாச்சி. அவரு சிரிக்காரு. "ஜெயிலுக்குப் பிறவு போவோம். மொதல்ல முக்காணிக்குப் போ"ங்காரு.

முக்காணி. இந்த பஸ்சு போற வழிதான். ஆத்துப் பாலம் தாண்டுனதும் வரும். அங்க என் தங்கச்சி இருக்கா. இமெல்டான்னு பேரு.

விரோதம் இல்ல. மொதல்லயே சொல்லிட்டேன். அவ வழிய அவ பாத்துக்கிட்டா, என் வழிய நான் பாத்துக்கிட்டேன். என் செட்டுல வயரிங் பாக்க வந்தவன் ஜெபராஜ். நல்ல வேலைக்காரன், அத நான் இல்லேங்கல. ஆனா பெந்தெகொஸ்தே சபைக்காரன். மாதாவக் கும்பிட மாட்டான், சொரூபத்தக் கும்பிட மாட்டான், ஜெபமாலையக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுவான். கட்டுனா அவனத்தான் கட்டுவேன்னு நின்னா இவ. போனா. கம்மலக் கழத்துனா, வெள்ளச் சேல கட்டுனா, கை தட்டிப் பாடுதா. அதுக்குப் பிறவு எனக்கு அங்க என்ன சோலி? கல்யாணத்துக்கு நான் போகல. அம்மாவையும் விடல. ஆனா அம்மா ஒரு கள்ளி. ஆத்தூர்ல வெத்தல வாங்கிட்டு வாரேம்பா, அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்துருவா. முக்காணியில எறங்கி மக வீட்ல மீங்கொழம்பு தின்னுட்டு வெத்தல இல்லாம வருவா. நான் கண்டுக்கிட மாட்டேன். பாத்தீங்களா, நான் எம்புட்டு விட்டுக் குடுத்திருக்கேன்.

போன வருசம் அம்மா செத்ததும் அவ வந்தா. வந்தாளா, நான் வாசல்ல நின்னேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். கையில ஜெபமாலையப் பிடி, அம்மா பக்கத்துல உக்காந்து ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு, உள்ள வா. இது ஒரு கஷ்டமா? தாயி கிடக்கா, ஒரு ஜெபம் சொல்ல வாய் வராதா? "அண்ணே, அம்மா மொகத்த மட்டும் பாத்துட்டுப் போயிருதேன்"ன்னா. நான் சொன்னேன், மாதாவே வேண்டாம்னு போனவளுக்குப் பெத்த தாயி எதுக்குட்டி? கரெக்டான கேள்வியா இல்லியா? 

உள்ள விடல. ரோட்லயே நின்னா. சித்திர வெயிலு. தாரு ரோடு. செருப்பக் கழத்திக் கையில வச்சிக்கிட்டு நின்னா, ஏன்னு கேளுங்க. அம்மா கிடக்குத வாசலாம், செருப்போட நிக்கக் கூடாதாம். நான் செருப்பப் போடாதேன்னா சொன்னேன்? போட்டுக்கிட வேண்டியதானே. அடக்கத்துக்குத் தூக்கும்போதும் பின்னாலேயே வாரா, வெறுங்காலோட. கல்லற கேட்டு வரைக்கும் வந்தா. பிறவு பாக்கல. கால் பொத்துப் போச்சு, கொப்புளம் கொப்புளமா வந்துச்சுன்னு பிறவு கோயில்பிள்ளைதான் சொன்னாரு. அதுவும் கேக்காமலே சொன்னாரு.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு காலு சரியில்ல. வலது குதிகால். சின்னப்பிள்ளையில என் சைக்கிள் பின்னால உக்காந்து வரும்போது கம்பிக்குள்ள கால விட்டுட்டா. என் தப்பு இல்ல, கால ஆட்டாம உக்காருட்டின்னு சொல்லிட்டேதான் வந்தேன். சதை தொங்கிட்டு. தூக்கிக்கிட்டு ஓடுனேன் பாருங்க ஆஸ்பத்திரிக்கு, ஊரு எல்லையில இருந்து. என் சட்டையெல்லாம் ரத்தம். வழி பூரா அவ எனக்குச் சமாதானம் சொல்லிட்டு வாரா, அழாதண்ணே அழாதண்ணேன்னு. கோட்டிக்காரி. இப்பவும் செத்த நொண்டுவா. தெரியாதவங்களுக்குத் தெரியாது.

சவத்த விடுங்க. எங்க விட்டேன்? ஆங், விரோதி.

எனக்கு விரோதி வேணும், ஆனா விரோதி இல்ல. எலெக்சன் கேட்டவன் காலத் தொட்டா பிறவு தலைவர் பதவி எங்க நிக்கும்? என்ன செய்ய? போப்பாண்டவர் போட்டோவுக்கு முன்னால உக்காந்து ஜெபிச்சேன். தெளிவா ஒரு யோசன வந்துச்சு. எங்க கோயில்பிள்ளை சந்தியாகு. மணி அடிக்கது, மெழுகுவத்தி ஏத்துதது, பூசை உடுப்பு மடிக்கது எல்லாம் அவருதான். வயசான மனுசன், வாயில்லாப் பூச்சி. இவரு கூட ஒரு சண்டையப் போட்டு வச்சுக்கிட்டா, பெரிய வியாழன் அன்னைக்குக் காலக் கழுவிச் சமாதானம் ஆயிரலாம்லா? யாருக்கும் நஷ்டம் இல்ல. ஃபாதர் சொன்னதும் நடந்தாப்புல இருக்கும், நானும் போனாப்புல இருக்கும்.

போனேன். "மணி அடிக்கீரா, கொட்டாவி விடுதீரா? ஒரு சீரு இல்ல, ஒரு சுதி இல்ல"ன்னேன். மனுசன் சிரிக்காரு. "கை வலிக்கி கஸ்மீரு, மழை வந்தா வலி கூடுது"ன்னு டீ வாங்கிக் குடுக்காரு. மறுநாளும் ஏசுனேன். அதுக்கும் டீ. எனக்குக் கோவம் கோவமா வருது. ஒரு மனுசன் சண்டைக்கு வந்தா சண்ட போட வேண்டாமா? கடைசியில நாலு பேரு முன்னால, "எரிஞ்சது போக மிச்ச மெழுகுவத்தியெல்லாம் எங்க ஓய் போகுது? உம்ம வீட்லயா எரியுது?"ன்னுட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான். டீ கிளாசக் கீழ வச்சாரு. அதுக்குப் பிறவு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல.

அப்பாடா, விரோதி கெடச்சிட்டான்னு அன்னைக்கு மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துனேன்.

சிரிக்காதீங்க. அது வெனையாப் போச்சு. பெரிய வியாழனுக்கு முந்துன நாளு அவரு வீட்டுக்குப் போயி, "மாமா, நடந்தது நடந்து போச்சு, நாளைக்கு வந்து நாற்காலியில உக்காரும், காலக் கழுவுதேன், எல்லாரும் பாக்கட்டும்"ன்னேன். மொறையா மாமான்னுதான் சொன்னேன். அவரு மூஞ்சியப் பாக்காம சொல்லுதாரு, "என் காலு சுத்தமாத்தான் இருக்கு கஸ்மீரு. பீடத்துல செருப்புப் போடாம நின்ன காலு. திருடன் காலு ஒனக்கு எதுக்கு?" கதவச் சாத்திட்டாரு. வேலியில போன ஓணானப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்ட கதையாப் போச்சு என் கத. மன்னிக்கத் தெரியாத மனுசன் கோயில்ல மணி அடிச்சு என்ன புண்ணியம்? நீங்களே சொல்லுங்க.

ஆறுமுகநேரி தாண்டிட்டோமா? சரி, சரி. சுருக்கமா முடிக்கேன்.

பெரிய வியாழன் சாயங்காலம். கோயில் நெறஞ்சு கிடக்கு. செட்டு என் செட்டு. உள்ள நாலு பாக்ஸ், வெளிய கோபுரத்துல ஹாரன், கடக்கர வரைக்கும் கேக்கும். ஃபாதர் உடுப்புல குத்துத சின்ன மைக் கூட நான் புதுசா வாங்கினது. கிசுகிசுன்னு பேசினாலும் எடுக்கும், அப்படி ஒரு மைக். பன்னெண்டு பேரு வரிசையா உக்காந்திருக்காங்க. தள்ளி ஒரு நாற்காலி, காலியா. நான் பக்கத்துல நிக்கேன். புதுத் துண்டு, பித்தளச் செம்பு, ஒரு தாம்பாளம். யாரும் வரலன்னா ஃபாதரே மனசு இரங்கி, பரவாயில்ல கஸ்மீரு, ஒன் ஆயத்தம் கடவுளுக்குத் தெரியும்னு சொல்லிருவாருன்னு ஒரு நம்பிக்க. ஃபாதர் பன்னெண்டு காலும் கழுவிட்டு எங்கிட்ட வந்து நிக்காரு. பாக்காரு. பிறவு காலி நாற்காலியப் பாக்காரு.

அப்ப பின்னால ஒரு சலசலப்பு.

வெள்ளச் சேல. நடுவுல நடந்து வாரா. நொண்டிக்கிட்டு. சந்தியாகு அவ பின்னால வாரான். அவன்தான் போயிச் சொல்லிக் கூட்டியாந்திருக்கான். சதி பாத்தீங்களா? நான் நாலு வார்த்த பேசினதுக்கு ஆள வச்சு பழி வாங்குதான் மனுசன்.

வந்தா. நாற்காலியில உக்காந்தா. சேலைய லேசா மேல இழுத்துக்கிட்டு கால நீட்டுனா. அந்த வலது காலத்தான். குதிகாலச் சுத்தி அந்தத் தழும்பு. சின்னதுல பாத்த மாதிரியேதான் இருக்கு, ஒண்ணும் மாறல. உள்ளங்கால்ல வேற புதுசா கறுப்பு கறுப்பாத் திட்டு. அது அந்தத் தாரு ரோடு. எனக்குக் கண்ணு அதுலயே நிக்கி. 

மெதுவா ஒரு வார்த்த சொன்னா. எனக்கு மட்டும்னுதான் சொன்னா. "தண்ணிய ஊத்துண்ணே. நீ போப்பாண்டவரப் பாத்துட்டு வா. எனக்கு அது போதும்." ஃபாதர் பக்கத்துல நிக்காருல்லா, அந்த மைக் எடுத்துட்டு. கோயில் பூரா கேட்டுச்சு. ஹாரன்ல கடக்கர பூரா கேட்டுச்சு. கட்டுமரத்துல வலை பிரிச்சிட்டிருந்தவன் கூடக் கேட்டானாம்.

நான் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க. எல்லாரும் என்னையப் பாக்காங்க. எலெக்சன் கேட்டவன் பாக்கான். இவ தியாகி ஆயிட்டா, நான் யாரு? இவ கால நீட்டுவா, நான் குனியணும். குனிஞ்சா அம்மா செத்த அன்னைக்கு நான் செஞ்சது தப்புன்னு ஆயிரும்லா? அது தப்பு இல்ல. அப்ப எதுக்குக் குனியணும்?

"சபைக்காரி கால நான் தொட மாட்டேன்"னேன். பையத்தான் சொன்னேன். அதையும் மைக் எடுத்துட்டு.

செம்பத் தாம்பாளத்துல வச்சுட்டு நகந்து நின்னுட்டேன். ஃபாதர் அவ முன்னால வந்தாரு. முட்டி போட்டாரு. செம்ப எடுத்து அவரே ஊத்துனாரு. தண்ணி விழுத சத்தம் இருக்கு பாருங்க, அது ஊரு பூரா கேட்டுச்சு. நல்ல செட்டு என் செட்டு. தழும்புல விரல வச்சுக் கழுவுனாரு. துண்டுக்குக் கைய நீட்டுனாரு, நான் குடுக்கல. தன் உடுப்பாலயே தொடச்சாரு. அவ எந்திரிச்சா. அழுதாளான்னு கேட்டா தெரியாது, நான் மூஞ்சியப் பாக்கல. தரையைத்தான் பாத்தேன். வாசல் வரைக்கும் ஈரக் காலு. வலது காலு மட்டும் முழுசாப் பதியாது, முன்பாதிதான் பதியும். அப்படிப் பதிஞ்சு பதிஞ்சு போச்சு, பிறவு காஞ்சு போச்சு.

இப்ப யாத்திரைக்குப் போறது யாரு தெரியுமா? பாட்டுக் குழுவுல கீபோர்டு வாசிக்குத ரோசலின். அது ஒரு பிள்ள. ஆத்தும ஆயத்தம்னா என்னன்னு தெரியுமா அதுக்கு? தவக்காலத்துல ஆம்லெட் தின்னதை நானே பாத்தேன்.

அதான் பிஷப் ஹவுசு. என் பிராது ஒண்ணே ஒண்ணு. ஒரு சபைக்காரிய, கத்தோலிக்கப் பீடத்துக்கு முன்னால உக்கார வச்சு, குருவானவரு முட்டி போட்டு, பூசை உடுப்பால காலத் தொடச்சாரு. இது முறையா? போப்பாண்டவருக்குத் தெரிஞ்சா தாங்குவாரா? போட்டோவையும் கையோட கொண்டு போறேன், மேசையில வச்சுக் கேக்கப் போறேன். ஆனா ஒண்ணு அண்ணாச்சி. வியாழக்கிழமைக்குப் பிறவு அவரு முன்ன மாதிரி எங்கிட்ட சிரிக்க மாட்டேங்காரு. போட்டோ அதே போட்டோதான். வெளிச்சம் மாறியிருக்கும். டியூப் லைட்ட மாத்திப் பாத்தேன், அப்பவும் அப்படித்தான். அதான் துண்டுல சுத்திப் பைக்குள்ள வச்சிட்டேன். இந்தா, தொட்டுப் பாருங்க, அன்னைக்கு கையில வச்சிருந்த துண்டுதான். புதுசு. ஒரு சொட்டு ஈரம் படல.

ஆத்தூர் வந்துட்டா? ஆமா, வெத்தல வாசம் வருதே.

இமெல்டாவுக்கும் நல்லா வேணும். எங்க கோயிலுக்கு வந்து உக்காந்தான்னு அவ சபையிலயும் சும்மா விடல. முன்வரிசையில நின்னு பாடுவாளாம், இப்ப பாட வேண்டாம்னுட்டாங்களாம். பின்னால, கதவுக்கிட்ட உக்காருதாளாம். ஜெபராஜ் கூட ரெண்டு நாள் பேசலியாம். அதுக்கு நான் என்ன செய்ய? நான் வரச் சொன்னேனா? யாரு கேட்டா இவகிட்ட? அங்கயும் வாசல், இங்கயும் வாசல். வாசல்லயே நிக்கணும்னு அவ தலையெழுத்து.

பாலம் வருது. தண்ணி எம்புட்டு வத்திட்டு பாருங்க. நீங்க பாருங்க, நான் பாக்கல. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். இதுக்குத்தான் ஜன்னல் வேண்டாம்னது. பாலம் எறங்குனதும் ஸ்டாப்பு. ஸ்டாப்புக்கு நேரா ஒரு மருந்துக்கடை, அதுக்கு அடுத்து நீலக் கதவு போட்ட வீடு. வாசல்ல ஒரு முருங்கமரம் நிக்கும். அம்மா வச்சது. இந்த நேரத்துக்குக் கொழாயில தண்ணி வரும், கொடத்தோட வெளிய நிப்பா. நான் இந்த ரோட்ல எத்தனையோ தடவ போயிருக்கேன், ஒரு தடவ கூட அந்தப் பக்கம் திரும்பினது இல்ல.

நின்னுட்டு. ஆளு எறங்குது.

அண்ணாச்சி, நீலக் கதவு தெரியுதா? தொறந்திருக்கா? வெளிய யாரும் நிக்காங்களா? வெள்ளச் சேலயா? மொகத்தப் பாக்க வேண்டாம், எனக்கு அது வேண்டாம். நிக்குத எடத்துல நெழலு இருக்கா? வெயிலு இப்பவே இந்தப் போடு போடுது.

கண்டக்டர் விசில் ஊதிட்டான். எட்டிப் பாருங்க அண்ணாச்சி, சீக்கிரம். கால்ல செருப்பு போட்டிருக்காளா? அத மட்டும் சொல்லுங்க.